பணி விவரத்தில் இல்லாத வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தொழிற்சங்கங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு போராட்ட முறை உண்டு: விதிப்படி வேலை. யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள், கோஷம் போட மாட்டார்கள். விதிகளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும், எழுதியிருக்கிறபடியே செய்வார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் திணறத் தொடங்கிவிடும். எந்த நிறுவனமும் எழுதிவைத்த வேலைகளால் மட்டும் ஓடுவதில்லை என்பதுதான் காரணம். யாரும் சொல்லாமலே யாரோ சிலர் செய்துகொண்டிருக்கும் சின்னச் சின்னக் காரியங்கள்தாம் அதைத் தாங்கி நிற்கின்றன. விதித்த வேலையை மட்டுமே நம்பியிருக்கும் அமைப்பு எளிதில் நொறுங்கிவிடும் என்று அமெரிக்க உளவியலாளர் டேனியல் காட்ஸ் 1964-லேயே எழுதினார். 1980-களில் டென்னிஸ் ஆர்கன் என்ற பேராசிரியர் இதைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அதன்பின் இந்தத் துறையில் வந்த ஆய்வுகளுக்கு அளவே இல்லை.

எனவே பணி விவரத்துக்கு வெளியே காலெடுத்து வைக்கலாமா என்பது பெரிய கேள்வியல்ல. எந்த வேலை, எவ்வளவு தூரம், யாருடைய சம்மதத்தோடு, எதுவரைக்கும் என்பவைதாம் கேள்விகள். இவற்றுக்கு விடை தேடாமல் இறங்குகிறவர்களில் சிலருக்கு முந்திரிக்கொட்டை என்ற பெயர் கிடைக்கிறது. மற்றவர்கள், அலுவலகமே தன் வேலையையெல்லாம் கொண்டுவந்து தலையில் கட்டுகிற ஆளாகிவிடுகிறார்கள். உழைப்பில் குறை இல்லாமலே இரண்டும் நடக்கும். அதுதான் எனக்கு வருத்தம்.

எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யச் சொல்லும் வழிகாட்டி இது இல்லை. யாரும் கையில் எடுக்காமல் கிடக்கும் ஒரு சிக்கலைத் தேர்ந்து, உரிய அனுமதியோடு இறங்கி, அது மறுபடி தலைகாட்டாதபடி முடித்து, கையைக் கழுவிவிட்டு வெளியே வருவது எப்படி என்றுதான் சொல்லப்போகிறேன்.

விளக்க வசதிக்காக ஓர் ஊழியரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், சப்ளையர்கள் அனுப்பும் பில்களைச் சரிபார்த்துக் கணினியில் பதிவது அவர் வேலை. பில்லில் கொள்முதல் ஆணை எண் (பொருள் வாங்க நிறுவனம் கொடுத்த ஆர்டரின் எண்) இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அனுப்பிவிடுவார். சப்ளையர் கொள்முதல் பிரிவுக்கு போன் செய்து எண்ணைக் கேட்டு வாங்கி, பில்லைத் திருத்தி மறுபடி அனுப்ப இரண்டு வாரம் ஆகிவிடும். கணக்குப் பிரிவு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கொள்முதல் பிரிவும் அப்படியே. ஆனாலும் பணம் தாமதமாகிறது, சப்ளையர்கள் சலித்துக்கொள்கிறார்கள், தினமும் நாலு போன் வருகிறது. இந்தச் சிக்கல் யாருடைய பணி விவரத்திலும் இல்லை.

படி 1: முதலில் உங்கள் மேசை சுத்தமாக இருக்கட்டும்

சொந்த வேலையில் பாக்கி வைத்துக்கொண்டு அடுத்த பிரிவின் சிக்கலைத் தீர்க்கப் போகிறவரை யாரும் மதிக்க மாட்டார்கள். உங்கள் மேலாளர் உங்களிடம் எதிர்பார்க்கும் முக்கியமான மூன்று காரியங்கள் எவை என்று நீங்களே எழுதிப்பாருங்கள். பிறகு அவரிடமே கேளுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத இடத்தை முதலில் சரிசெய்யுங்கள். தேதி தவறாமல், பிழையில்லாமல், நினைவூட்டல் தேவைப்படாமல் சில மாதங்கள் வேலை முடிந்துகொண்டே வந்தால் ஒரு நம்பிக்கை சேரும். பின்னால் நீங்கள் கேட்கப்போகும் அனுமதி அந்த நம்பிக்கையை வைத்துத்தான் கிடைக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒன்று செய்யலாம். முதல் சில வாரங்களில் உங்களுக்கு விசித்திரமாகப் படுவதையெல்லாம் குறித்துவையுங்கள். பழகிவிட்ட பிறகு அவை கண்ணில் படாது.

படி 2: சிக்கலைத் தேடுங்கள்

'புதிதாக என்ன செய்யலாம்' என்று யோசித்தால் பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாத ஒன்றுதான் தோன்றும். எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். ஒரு சின்ன நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரங்களுக்குக் கண்ணில் படுவதைத் தேதி போட்டு எழுதிவாருங்கள். தீர்வு எதையும் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது வேலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் இடத்தை. ஷிப்ட் முடிகிற நேரம், ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குக் கோப்பு போகிற நேரம், விற்பனையாளர் சொன்ன வாக்குறுதி சேவைப் பிரிவுக்கு வந்துசேரும் நேரம். 'நான் சொல்லிவிட்டேன்', 'எனக்கு வரவில்லை' என்ற இரண்டு வாக்கியங்களும் அடிக்கடி கேட்கிற இடம் எதுவோ, அங்கே நிச்சயம் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அடுத்ததாக, ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்கிறார்களா? ஒருவர் விடுப்பில் போனால் நின்றுபோகிற வேலை எது? மாதாமாதம் சிரத்தையாகத் தயாராகி, யாரும் திறந்துகூடப் பார்க்காத அறிக்கை எது?

உங்கள் வேலையின் பயன் போய்ச்சேரும் இடத்தையும் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ. 1920-களில் அவர் அங்கே சாதாரண ஆய்வக உதவியாளர். அந்நாளில் அந்த நிறுவனத்தின் தொழில் உப்புத்தாள். புதிய உப்புத்தாளைச் சோதித்துப்பார்க்க கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறைக்குப் போனவர், அங்கே தொழிலாளர்கள் எரிச்சலில் திட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டார். இரண்டு வண்ணக் கார்கள் பிரபலமாகியிருந்த காலம் அது. ஒரு வண்ணத்தை மறைக்க ஒட்டிய தாளைப் பிரித்தால் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. அது உப்புத்தாள்காரரின் பிரச்சினையே இல்லை. ஆனாலும் ட்ரூ அதை எடுத்துக்கொண்டார். 1925-இல், பூச்சை உரிக்காமல் பிரித்தெடுக்கக்கூடிய மாஸ்கிங் டேப் பிறந்தது. நடுவில் மேலிடத்திலிருந்து 'உப்புத்தாள் வேலையைப் பார்' என்ற உத்தரவும் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல யோசனைக்கு முதல் நாளே கைதட்டல் கிடைப்பது அபூர்வம்.

நம் கணக்குப் பிரிவு ஊழியர் என்ன செய்கிறார்? பில் திரும்பும்போதெல்லாம் தேதி, சப்ளையர் பெயர், காரணம் மூன்றையும் நோட்டில் எழுதுகிறார். நான்கு வாரத்தில் 120 பில்கள் வந்தன. 31 திரும்பிப் போயின. அவற்றில் 22, ஆறே சப்ளையர்கள் அனுப்பியவை. அதுவரை 'எப்போது பார்த்தாலும் இப்படித்தான்' என்று எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த விஷயத்துக்கு இப்போது ஓர் உருவம் கிடைத்துவிட்டது.

படி 3: ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது என்று கேளுங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தாம். உங்கள் கண்ணுக்கு அபத்தமாகத் தெரியும் ஒரு நடைமுறைக்குப் பின்னால் பழைய தணிக்கைக் குறிப்போ, ஒரு விபத்தோ, சட்டத்தின் நிபந்தனையோ இருக்கலாம். ஏற்கெனவே யாராவது முயன்று தோற்றிருக்கலாம். பக்கத்துப் பிரிவில் இதற்கான வேலை ஓசையில்லாமல் தொடங்கியும் இருக்கலாம்.

குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். 'ஏன் சார் இப்படிச் செய்கிறீர்கள்?' என்றால் எதிரே இருப்பவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். 'இது முதலிலிருந்தே இப்படித்தானா சார், இல்லை இடையில் மாறியதா?' என்று கேட்டுப்பாருங்கள். பழைய ஆட்களுக்கு வரலாறு சொல்வதில் விருப்பம் அதிகம்.

நம்மவர் கொள்முதல் பிரிவில் ஆணைகளைத் தயாரிக்கும் மூத்த ஊழியரிடம் இப்படித்தான் கேட்கிறார். அவர் சொன்ன விவரம் முக்கியமானது. முன்பெல்லாம் ஆணை எண் மின்னஞ்சலின் தலைப்பிலேயே இருந்ததாம். பேச்சுவார்த்தை நடக்கும்போதே எண் போய்விட்டதால், பின்னால் ரத்தான ஆணைகளின் எண்ணைப் போட்டும் சில சப்ளையர்கள் பில் அனுப்பினார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பயந்து எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது இணைப்புக் கோப்பின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில்தான் எண் இருக்கிறது. இதைக் கேட்காமல் 'எண்ணைத் தலைப்பில் போடுங்கள்' என்று யோசனை சொல்லியிருந்தால் முதல் நிமிடத்திலேயே முகத்தில் அடித்தாற்போல் மறுப்பு வந்திருக்கும். கேட்டதால் யோசனையே மேம்பட்டுவிட்டது: ஆணை உறுதியான பிறகு போகும் கடைசி மின்னஞ்சலில் மட்டும் எண்ணைத் தலைப்பில் போட்டால் என்ன?

படி 4: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

நோட்டில் பதினைந்து சிக்கல்கள் சேர்ந்திருக்கலாம். ஒன்றை எடுங்கள். அது உங்கள் மேலாளர் ஏற்கெனவே கவலைப்படும் ஏதாவது ஒன்றோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். ஒன்றிரண்டு மாதத்தில் முடிகிற அளவாக இருக்கட்டும். தவறிப்போனால் பழைய நிலைக்கே திரும்பிவிட முடிய வேண்டும். முதல் முயற்சிக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். புதிய மென்பொருள் வாங்கச் சொல்வது, பிரிவையே மாற்றியமைப்பது போன்ற திட்டங்களுக்குப் பின்னால் வேளை வரும்.

நேரத்தையும் இப்போதே வரையறுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமா, இரண்டா? அந்த நேரம் எங்கிருந்து வரப்போகிறது? 'வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்கிறேன்' என்பது பதில் ஆகாது. இரவில் கண்விழித்துத்தான் முடிக்க முடியும் என்றால், ஒன்று அந்த வேலை பெரியது, அல்லது உங்கள் கையில் ஏற்கெனவே அதிகம் இருக்கிறது.

படி 5: எவ்வளவு அனுமதி வேண்டும் என்று கணக்கிடுங்கள்

சொல்லாமல் செய்வதா, கேட்டுவிட்டுச் செய்வதா? பலரும் தடுமாறும் இடம் இது. 1974-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் வில்லியம் ஆன்கன், டொனால்ட் வாஸ் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு ஒரு தெளிவான ஏணியைத் தந்தது. அதன் அடிப்படிக்கட்டில் இருப்பவர், சொல்லும்வரை காத்திருப்பவர். அடுத்தவர், என்ன செய்யட்டும் என்று கேட்பவர். மூன்றாமவர், இப்படிச் செய்யலாம் என்று யோசனை சொல்லி, சம்மதம் கிடைத்ததும் செய்பவர். நான்காமவர், செய்துவிட்டு உடனே தெரிவிப்பவர். உச்சியில் இருப்பவர் தானாகவே செய்துவிட்டு, வழக்கமான அறிக்கையில் சொல்லிக்கொள்பவர்.

நீங்கள் எந்தப் படிக்கட்டில் நிற்பது என்பதை உங்கள் துணிச்சல் முடிவு செய்யக் கூடாது. காரியத்தின் தன்மைதான் முடிவு செய்ய வேண்டும். ஒரே நபர் ஒரே நாளில் வெவ்வேறு படிக்கட்டுகளில் நிற்கலாம். உங்கள் பிரிவுக்குள் மட்டும் பயன்படும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைத் தயாரிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. செய்துவிட்டு வாரக் கூட்டத்தில் சொன்னால் போதும். வாடிக்கையாளருக்குத் தவறான விலைப்பட்டியல் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தால் அதை நிறுத்திவைத்துவிட்டு அந்த நிமிடமே மேலாளருக்குச் சொல்ல வேண்டும். டொயோட்டாவின் தொழிற்சாலைகளில், பழுதைக் காணும் எந்தத் தொழிலாளியும் அதற்கான கயிற்றை இழுக்கலாம், அல்லது பொத்தானை அழுத்தலாம். அப்படிச் செய்ததும் குழுத் தலைவர் வந்து நிற்பார். உடனே சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். செய்துவிட்டு உடனே தெரிவிப்பதை ஒரு நிறுவனம் விதியாகவே வைத்திருப்பதற்கு அது உதாரணம். ஆபத்தைத் தடுக்கும் வேலைக்கு இந்தப் படிக்கட்டு பொருந்தும்.

வேறொரு பிரிவின் நடைமுறையைத் தொடும் எதற்கும் மூன்றாவது படிக்கட்டுதான் சரி. நம் பில் விவகாரம் அப்படிப்பட்டது.

சில எல்லைகளை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதியில்லாமல் தாண்டாதீர்கள். நிறுவனத்தின் பணத்தைச் செலவழிப்பது, வெளியாருக்கு வாக்குக் கொடுப்பது, பாதுகாப்பு விதிகளை மாற்றுவது, மற்றவர்களின் தனிப்பட்ட தகவல்களைத் திறந்து பார்ப்பது, பிற ஊழியர்களின் ஊதியம், விடுப்பு, மதிப்பீடு ஆகியவற்றில் தலையிடுவது, சட்டம் உரிமம் கேட்கும் வேலையை உரிமம் இல்லாமல் செய்வது. மருத்துவம், மின்சாரம், கட்டுமானம், மருந்து, விமானம் போன்ற துறைகளில் இருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். அங்கே பணி எல்லை என்பது உயிர்களைக் காப்பதற்காகவே போடப்பட்டது. அத்தகைய இடங்களில் முன்முயற்சி என்றால் சிக்கலை எழுத்தில் உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதும்தான். அதுவும் சின்ன வேலையல்ல.

படி 6: எழுதிக் கேளுங்கள்

வராந்தாவில் போகிற போக்கில் சொல்லிப் பெற்ற சம்மதம் நிற்காது. நேரில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அன்றைக்கே சுருக்கமாக எழுதியும் அனுப்புங்கள். நம்மவரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மேடம், வணக்கம். கடந்த நான்கு வாரங்களில் வந்த 120 பில்களில் 31 பில்கள் கொள்முதல் ஆணை எண் இல்லாததால் திரும்பின. அவற்றில் 22 பில்கள் ஆறு சப்ளையர்களுடையவை. நாம் அனுப்பும் ஆணையில் எண் இரண்டாம் பக்கத்தில் இருப்பதால் அவர்கள் கவனிப்பதில்லை என்று தோன்றுகிறது. ஆணை உறுதியான பிறகு போகும் மின்னஞ்சலின் தலைப்பில் மட்டும் எண்ணைச் சேர்த்து, இந்த ஆறு பேருக்கு ஒரு மாதம் செய்துபார்க்கலாமா? ரத்தான ஆணைகளால் முன்பு வந்த குழப்பம் இதில் வராது. கொள்முதல் பிரிவில் இதைத் தயாரிக்கும் சாரிடம் விவரம் கேட்டேன். அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய மேலாளரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். மாத இறுதிக் கணக்குப் பணி பாதிக்காது. நீங்கள் சரி என்றால் திங்கள்கிழமை தொடங்கி, அடுத்த மாதம் 5-ஆம் தேதி முடிவைத் தருகிறேன்."

இந்தக் கடிதத்தில் புலம்பல் இல்லை, யார் மீதும் பழி இல்லை. மேலாளர் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம்தான். அதையும் தெளிவாகச் சொல்லியாயிற்று. 'நம் பிரிவில் ஒருங்கிணைப்பே சரியில்லை, ஏதாவது செய்ய வேண்டும் மேடம்' என்று எழுதினால் அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறீர்கள். கூடவே, எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். பலர் தியாகம் செய்வதுபோல் அதை மறைத்துவிடுவார்கள். மறைத்த நேரம் பின்னால் உங்கள் கணக்கில் வராது.

படி 7: செய்துபாருங்கள், எண்ணிவையுங்கள்

முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாமல் பின்னால் முன்னேற்றத்தைக் காட்ட முடியாது. அதனால்தான் இரண்டாம் படியிலேயே எண்ணத் தொடங்கச் சொன்னேன். சோதனைக் காலத்தில் நடுநடுவே எதையும் மாற்றாதீர்கள். மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. நினைத்த பலன் வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஒரு மாதச் சோதனை பலிக்காமல் போனதை நேர்மையாகச் சொன்னவருக்கு அடுத்த சோதனைக்கும் அனுமதி கிடைக்கும்.

வாக்குக் கொடுத்த தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். தாமாக முன்வந்து ஏற்ற வேலையைப் பாதியில் விடுவது, ஏற்காமலே இருந்ததைவிட மோசமாகப் பார்க்கப்படும்.

படி 8: சக ஊழியர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள்

முன்முயற்சிகள் பலவும் தொழில்நுட்பக் காரணத்தால் தோற்பதில்லை. பக்கத்து மேசைக்காரரின் மனத்தாங்கலால் தோற்கின்றன. 'இவருக்கு மட்டும் என்ன அக்கறை', 'மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்', 'காக்காய் பிடிக்கிறார்' என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சில் சில சமயம் நியாயமும் இருக்கும். நீங்கள் கூட்டிவைக்கும் அளவுகோல் நாளை எல்லாருக்கும் கட்டாயமாகிவிடுமோ என்பது அவர்கள் பயம். அதைக் கேலி செய்யாதீர்கள்.

ஆடம் கிராண்ட், ஷரன் பார்க்கர், கேத்தரின் காலின்ஸ் மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருத்தமானது. ஒரே மாதிரி முன்முயற்சி எடுத்தாலும் எல்லாருக்கும் மேலதிகாரிகளிடம் ஒரே மதிப்பு கிடைப்பதில்லை. பிறர் நலனில் அக்கறை உள்ளவர் என்றும், எரிச்சலும் பதற்றமும் குறைந்தவர் என்றும் அறியப்பட்டவர்களுக்கே கூடுதல் மதிப்பு கிடைக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். கோபத்தில் தொடங்கிய சீர்திருத்தம் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

நடைமுறையில் இதற்கு மூன்று காரியங்கள். யாருடைய எல்லைக்குள் போகிறீர்களோ அவரிடம், அவருடைய மேலாளரிடம் போகும் முன் பேசுங்கள். விவரம் தந்தவர், யோசனை தந்தவர் எல்லாருடைய பெயரையும் எழுத்தில் போடுங்கள். வாயால் சொல்லும் நன்றி அந்த அறையைத் தாண்டாது. கூட்டத்தில் பலன் சொல்லும்போது, பழைய நிலையை விவரிப்பதில் அதிக நேரம் செலவிடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பழைய நிலையை உருவாக்கியவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். நம் கதையில், ரத்தான ஆணைகளின் வரலாற்றைச் சொன்ன அந்த மூத்த ஊழியர் இல்லாவிட்டால் இந்தத் தீர்வே இல்லை. அறிக்கையின் முதல் பத்தியிலேயே அவர் பெயர் வர வேண்டும்.

படி 9: அரைப்பக்க அறிக்கை, பிறகு கைமாற்றம்

முடிந்ததும் அரைப்பக்கம் எழுதுங்கள்: முன்பு எப்படி, என்ன செய்தோம், இப்போது எப்படி, இனி என்ன. 'திரும்பிய பில்கள் 31-லிருந்து 9 ஆகக் குறைந்தன' என்ற ஒரு வரி, உங்கள் சிரமத்தை விவரிக்கும் இரண்டு பக்கங்களைவிட அதிகம் பேசும்.

அடுத்து வருவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாமாக முன்வந்து செய்த வேலை சத்தமில்லாமல் நிரந்தரமாக உங்களுடையதாகிவிடும். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அது தவறிப்போனால் 'ஏன் செய்யவில்லை?' என்ற கேள்வி உங்களிடம் வரும், அது உங்கள் பணி விவரத்திலேயே இல்லாதபோதும். எனவே சோதனை முடிகிற நாளிலேயே முடிவு கேளுங்கள். ஒன்று, அந்த வேலை உரிய பிரிவின் வழக்கமான நடைமுறையில் சேர வேண்டும். அல்லது உங்கள் பணி விவரத்தில் எழுத்துபூர்வமாக ஏறி, பதிலுக்கு வேறொன்று இறங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். நம் எடுத்துக்காட்டில், ஆணை மின்னஞ்சலின் மாதிரிப் படிவத்திலேயே எண் சேர்ந்துவிட்டால் நம்மவர் செய்ய எதுவும் மிச்சமில்லை. தன்னை நம்பி நிற்காத தீர்வை உருவாக்கியவர்தான் அடுத்த சிக்கலை எடுக்க முடியும்.

கைமாற்றும்போது ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். எங்கே கோப்பு இருக்கிறது, என்ன தவறலாம், தவறினால் யாரைக் கேட்பது என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும்.

படி 10: எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூடுதல் வேலைகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றைச் செய்தால் நீங்கள் ஏதாவது கற்கிறீர்கள், அல்லது நிறுவனத்தின் முக்கியக் குறிக்கோள் ஒன்று நகர்கிறது. மற்றொன்றை யாராவது செய்தாக வேண்டும், ஆனால் செய்தவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்: கூட்டக் குறிப்பு எழுதுவது, பிரிவுபசார விழாவுக்குப் பணம் வசூலிப்பது, அறை முன்பதிவு செய்வது. இரண்டாம் ரகம் தாழ்வானது என்று சொல்ல மாட்டேன். அது எப்போதும் ஒரே ஆளின் தலையில் விழுவதுதான் அநியாயம்.

அந்த ஆள் யார் என்பதற்கும் சான்று இருக்கிறது. லிண்டா பாப்காக்கும் அவருடைய சகாக்களும் 2017-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் இத்தகைய வேலைக்கு முன்வந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகம். ஆண்கள் மட்டுமோ பெண்கள் மட்டுமோ இருந்த குழுக்களில் இந்த வித்தியாசம் காணாமல் போனது. பெண்களின் இயல்பு அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்கள்தாம் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பே காரணம். மேலாளர் பொறுப்பில் இருப்பவர்கள் 'யார் செய்கிறீர்கள்?' என்று கூட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டு முறை வைத்துக் கொடுக்க வேண்டும். ஊழியர்கள் 'போன முறை நான் செய்தேன், இந்த முறை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்' என்று சாதாரணக் குரலில் சொல்லப் பழக வேண்டும்.

வேலை உங்கள் மேல் வந்து விழும்போது மறுக்கத் தயக்கமாக இருந்தால் தேர்வை மேலாளரிடமே விடலாம்: "செய்கிறேன் சார். அப்படியானால் இந்த வார அறிக்கை புதன்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை வரும். பரவாயில்லையா?" ஆள் குறைவாக இருப்பதால் ஒரு முழுப் பணியிடத்தின் வேலையையே உங்கள் மேல் ஏற்றினால் நிலைமை வேறு. அப்போது பதவியையும் ஊதியத்தையும் பற்றிப் பேசியே தீர வேண்டும். கூடுதலாகச் செய்ததை ஆறு மாதம் பதிவுசெய்து, தேதிகளோடு எடுத்துப்போய்ப் பேசுங்கள். அந்தப் பேச்சு பேராசை ஆகாது.

மேலாளர் மறுத்தால்

ஒரு முறை காரணம் கேளுங்கள். 'இப்போது வேண்டாம்' என்றால் எப்போது என்று கேளுங்கள். 'இது நம் வேலையில்லை' என்றால் யாரிடம் கொண்டுபோகலாம் என்று கேளுங்கள். அதன்பிறகும் மறுத்தால் விட்டுவிடுங்கள். கணக்கை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். சிக்கல் முற்றும் நாளில் அந்த விவரம் தேவைப்படும். அவர் தலைக்கு மேல் தாண்டிப் போவதை ஒழுங்கீனம், ஆபத்து, சட்டமீறல் ஆகிய மூன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படிவத்தை மேம்படுத்துவதற்காக மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் யோசனையை வேறொருவர் தம்முடையதாகச் சொல்லிக்கொண்டால் கூட்டத்தில் சண்டை பிடிக்காதீர்கள். ஆறாம் படியில் எழுதிய கடிதம் தேதியோடு இருக்கிறது. அதற்கே பதில் அனுப்பி, 'இதன் அடுத்த கட்டமாக' என்று தொடங்கி மேற்கொண்டு செய்ய வேண்டியதை எழுதுங்கள். யார் தொடங்கியது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரே ஆள் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், தனியே அழைத்து நேரடியாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

பதிவேடு

ஒவ்வொரு முயற்சிக்கும் நான்கு வரி போதும்: சிக்கல், நீங்கள் செய்தது, உடன் இருந்தவர்கள், விளைந்த மாற்றம். ஆண்டு மதிப்பீட்டுக்கு முந்தைய நாள் நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். அன்றன்றைக்கு எழுதுங்கள். நிறுவனத்தின் ரகசிய விவரங்களையோ கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்காதீர்கள். உங்கள் சொந்த வார்த்தையில், வெளியில் சொல்லக்கூடிய அளவுக்கு மட்டும் எழுதுங்கள். வேறு வேலைக்கான நேர்காணலில் "உங்களாகப் பொறுப்பெடுத்துச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். அப்போது அந்த நான்கு வரியை அதே வரிசையில் சொன்னால் போதும், உடன் இருந்தவர்களை விட்டுவிடாமல்.